21 வாட் பல்பு, மஞ்சள் மீட்டர், கிளாம்ப், ப்ளூடூத் டாங்கிள்: ட்ரான்ஸ்பர் கேஸ் மாற்றிய வண்டிக்கு எது கைகொடுக்கும்?

இன்ஜின் வலுவை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியான ட்ரான்ஸ்பர் கேஸை இறக்கி வேறொன்றை ஏற்றிய வண்டியில் அடுத்த நாளே ஒரு புகார் வந்தால், அது பெரும்பாலும் கியரில் இருக்காது, வயரில் இருக்கும். டேஷ்போர்டில் நாலு வீல் விளக்கு எரியாது. இல்லாவிட்டால் சாவி போட்டதிலிருந்து அணையாது. ஸ்பீடோ முள் படுத்தே கிடக்கும். ரிவர்ஸ் போட்டால் பின்னால் வெள்ளை விளக்கு வராது, நாலு வீல் போட்டால் வரும். காலையில் ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்துச் சுற்றும். பேட்டரிதான் போய்விட்டது என்று புதிது மாட்டினாலும் அதே இழுப்பு. அஞ்செட்டி, பெட்டமுகிலாளம், சித்தேரி, வத்தல்மலை என்று ஏறி இறங்கும் கேம்பர், ஜிப்சி, தார், பழைய ஜீப் எல்லாவற்றிலும் இந்தப் பட்டியல் ஏறத்தாழ ஒன்றேதான்.

கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கமோ தருமபுரி நாலு ரோடு பக்கமோ கடை ஏறி, வயரிங் கோளாறு பார்க்க ஏதாவது கொடுங்கள் என்று கேட்டால் கைக்கு வருபவை, அல்லது ஆன்லைனில் வரவழைப்பவை, நாலு சாமான். இரண்டு வயரும் 21 வாட் பல்பும் வைத்துக் கட்டிக்கொள்ளும் டெஸ்ட் லேம்ப். டிடி-830 வகை மஞ்சள் மல்டிமீட்டர். வயரைச் சுற்றிப் பிடித்தே கரண்ட் அளக்கும், யூனி-டி யுடி210இ என்கிற சின்ன டிசி கிளாம்ப் மீட்டர். வண்டியின் கம்ப்யூட்டரில் இருப்பதைப் போனில் காட்டும், ஈஎல்எம்327 என்று பெயர் போட்டு வரும் ப்ளூடூத் டாங்கிள். விலைப்படி அடுக்கினால் ஒரு வரிசை வரும், இந்த வேலைக்கு உதவும்படி அடுக்கினால் வேறு வரிசை. பல்பு முதலில், மீட்டர் அதை ஒட்டியே, கிளாம்ப் சற்றுத் தள்ளி, டாங்கிள் கடைசியில். ஒரு வயர் உழைக்கிறதா என்று தெரிய, அது வழக்கமாகச் சுமக்கும் சுமையை அதன் தலையில் ஏற்றித்தான் பார்க்க வேண்டும். நாலு சாமானையும் இந்த ஒரே அளவுகோலில்தான் இங்கே நிறுத்துப் பார்த்திருக்கிறது.

ட்ரான்ஸ்பர் கேஸ் பாக்ஸை இறக்கும்போது எதெது கழல்கிறது என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கோளாறு அங்கேதான் இருக்கும். டேஷ்போர்டைப் பிரிக்க வேண்டியதில்லை. இன்ஜின், கியர் பாக்ஸ் பக்கத்தைச் சேஸிஸோடு சேர்க்கும் எர்த் பட்டை கழலும். நாலு வீல் சுவிட்சின் கப்ளர், அதாவது வயர் முனையில் செருகும் பிளக், கழலும், அதற்குப் பக்கத்திலேயே அதே சைஸில் ரிவர்ஸ் சுவிட்சின் கப்ளர் இருக்கும், இரண்டும் மாறிப்போகும். ஸ்பீடு சென்சர் கப்ளர் அல்லது ஸ்பீடோ கேபிள் கழலும். நாப் திருப்பி நாலு வீல் போடும் மாடலாக இருந்தால் ஷிப்ட் மோட்டார் கப்ளரும், உள்ளே இருக்கும் காந்தக் கிளட்ச் காயிலுக்குப் போகும் வயரும் சேரும். இவற்றைத் தூக்கிப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகள் தனிக் கதை. பழசானவை உடையாமல் கழலாது, உடைந்ததற்குப் பதில் யாரும் புதிது போடுவதுமில்லை. வயர்க்கட்டான ஹார்னஸ் தொங்கி சைலன்சர் குழாயில் சாயும். அல்லது ஜாக் வைத்துப் பாக்ஸை ஏற்றும்போது ஹவுசிங்குக்கும் பாடிக்கும் நடுவில் நசுங்கும்.

பல்பைப் பார்ப்போம். இண்டிகேட்டரில் போடும் ஒற்றை முனை 21 வாட் பல்பு ஒன்று, ஹோல்டர் ஒன்று, 1.5 சதுர மி.மீ. வயர் 3 மீட்டர், ஒரு முனைக்கு முதலைக் கிளிப், மறுமுனைக்குக் கூரான கம்பி. பல்பைச் சுற்றி ஒரு தகர டப்பாவை வெட்டிக் கூடு போட்டுவிட்டால் கையும் சுடாது, மேட்டும் கருகாது. 12 வோல்டில் இது ஏறத்தாழ 1.75 ஆம்பியர் இழுக்கும். ஒரு ரிவர்ஸ் விளக்கு இழுப்பதும் அதே அளவுதான். இந்தச் சாமானின் மொத்த மதிப்பும் அந்த 1.75 ஆம்பியரில் இருக்கிறது.

கடையில் டெஸ்டர் என்று கேட்டால் பேனா மாதிரி எல்இடி வைத்த ஒன்றைத் தருவார்கள். அதை நம்ப வேண்டாம். எல்இடிக்குச் சில மில்லி ஆம்பியர் போதும். பத்து இழையில் ஒன்பது அறுந்து ஒரு இழை ஒட்டிக்கொண்டிருக்கும் வயரிலும் பளிச்சென்று எரியும். ரிவர்ஸ் லைனை எடுத்துக்கொள்ளுங்கள். சுவிட்ச் கப்ளருக்கு ஒரு சாண் முன்னால், வயரின் தோல் கிழியாமல் உள்ளே செம்பு முறிந்திருக்கிறது. பாக்ஸை இறக்கியபோது கப்ளரைப் பிடிக்காமல் வயரைப் பிடித்து இழுத்ததால் வந்த வினை அது. எல்இடி எரியும். மீட்டர் 12.4 வோல்ட் காட்டும். கரண்ட் வருகிறதே, பல்புதான் போய்விட்டது என்று பின் விளக்கைக் கழற்றப் போவார்கள். அதே இடத்தில் 21 வாட் பல்பை வைத்துப் பாருங்கள்: செங்கல் நிறத்தில் மங்கலாக எரியும், அல்லது எரியவே எரியாது. வயரை விரலால் மடக்கினால் ஒரு கணம் பளிச்சிட்டு மீண்டும் மங்கும். மடங்கும் இடத்தில் செம்பு உறுதியாக இருக்காது, கயிறு போலத் தொளதொளவென்று வளையும். வெட்டிச் சேர்க்க வேண்டிய இடம் அதுதான்.

எர்த் பக்கம் பார்க்கக் கிளிப்பைப் பேட்டரி பாசிட்டிவில் மாட்டி, கம்பியைக் கப்ளரின் எர்த் பின்னில் தொடுங்கள். வெளிச்சத்தை நேரே பேட்டரி நெகட்டிவில் தொட்ட வெளிச்சத்தோடு ஒப்பிட வேண்டும். கண் இதில் ஏமாறும் என்பதால் இரண்டையும் பத்து விநாடிக்குள் மாறி மாறித் தொட்டுப் பாருங்கள்.

பல்பு தன் விலைக்குப் பல மடங்கு உழைக்கும் இடம் பியூஸ் பெட்டி. ரிவர்ஸ் போட்டதும் பியூஸ் போகிறது என்றால் பத்துப் பியூஸ் வாங்கி ஒவ்வொன்றாக எரித்துப் பார்ப்பதுதான் ஊர் வழக்கம். சிலர் 10 ஆம்பியர் இருந்த இடத்தில் 20 போட்டு ஹார்னஸையே எரித்துவிடுவார்கள். அதைவிட, போன பியூஸைப் பிடுங்கி அந்த இரண்டு காலுக்கும் நடுவே டெஸ்ட் லேம்ப்பை மாட்டுங்கள். பின்னால் உள்ள ரிவர்ஸ் பல்புகள் இரண்டையும் கழற்றிவிடுங்கள். கழற்றாவிட்டால் நல்ல லைனிலும் டெஸ்ட் லேம்ப் எரிந்து குழப்பும். மீட்டர் கன்சோலும் அதே பியூஸில் இருந்தால் அதன் கப்ளரையும் கழற்றுவது நல்லது. இப்போது சாவி போட்டு ரிவர்ஸ் போடுங்கள். டெஸ்ட் லேம்ப் முழு வெளிச்சத்தில் எரிந்தால் லைன் எங்கோ பாடியைத் தொடுகிறது. எவ்வளவு நேரம் எரிந்தாலும் 1.75 ஆம்பியருக்கு மேல் போகாது என்பதால் ஹார்னஸுக்கு ஆபத்தில்லை. ஒருவர் பல்பைப் பார்த்துக்கொண்டிருக்க, இன்னொருவர் அடியில் படுத்து ஹார்னஸைச் சாண் சாணாக அசைத்துக்கொண்டு வரட்டும். எந்த இடத்தில் அசைத்தபோது பல்பு அணைகிறதோ அங்கே டேப்பைப் பிரித்துப் பாருங்கள். பெரும்பாலும் பாக்ஸின் மேல்பக்கம், பாடித் தகடுக்கு நேர் கீழே, தட்டையாக நசுங்கிய ஒரு அங்குலம் கிடைக்கும். மீட்டரால் இதைச் செய்ய முடியாது என்றில்லை. ஆனால் அடியில் படுத்திருப்பவருக்கு மீட்டரின் எண் தெரியாது, கண்ணாடியில் தெறிக்கும் பல்பு வெளிச்சம் தெரியும்.

பல்பைக் கொண்டு போகக்கூடாத இடங்களும் உண்டு. சென்சர் சிக்னல் வயர், இன்ஜின் கம்ப்யூட்டரான ஈசியூவிலிருந்து வரும் 5 வோல்ட் லைன், கம்ப்யூட்டர் யூனிட்டுகள் ஒன்றோடொன்று பேசும் கேன் வயர்கள், மஞ்சள் ஸ்லீவ் போட்ட ஏர்பேக் வயர்கள். இவற்றில் 1.75 ஆம்பியரை ஏற்றினால் ஈசியூவுக்குள் இருக்கும் டிரைவர் சர்க்யூட் போகும்; ஏர்பேக்கில் என்ன நடக்கும் என்று சொல்லவே வேண்டாம். சப்ளை, எர்த், விளக்கு, மோட்டார் ஆகிய இவற்றோடு பல்பின் எல்லை முடிகிறது. இதைத் தெரிந்து பயன்படுத்துகிறவருக்கு 5க்கு 5.

பல்பு தோற்கும் இடம் ஒன்று இருக்கிறது, அது சின்ன இடமில்லை. ஸ்டார்ட்டரின் எர்த் வழி. பேட்டரி நெகட்டிவுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் 0.01 ஓம் தடை இருந்தால் பல்பின் 1.75 ஆம்பியருக்கு அது தெரியவே தெரியாது. டீசல் ஸ்டார்ட்டர் 150 ஆம்பியர் இழுக்கும்போது அதே 0.01 ஓம் 1.5 வோல்ட்டை விழுங்கிவிடும். இங்கே சுமையாக வைக்க வேண்டியது ஸ்டார்ட்டரையே. அளக்க வேண்டியது மஞ்சள் மீட்டர்.

டிசி 20 வோல்ட் ரேஞ்சில் வையுங்கள். சிவப்புக் கம்பியை ட்ரான்ஸ்பர் கேஸின் பெயின்ட் இல்லாத உலோகத்தில், கறுப்பைப் பேட்டரியின் நெகட்டிவ் கட்டையிலேயே, அதில் மாட்டிய கேபிளின் கிளாம்ப்பில் அல்ல, அழுத்திப் பிடியுங்கள். ஒருவர் மூன்று நான்கு விநாடி கிராங்க் செய்யட்டும், அதாவது ஸ்டார்ட்டரைச் சுற்றட்டும். 0.2 வோல்ட் ஓரம் நின்றால் நல்லது. 0.5ஐத் தாண்டினால் பட்டையைக் கழற்றிச் சுரண்டுங்கள். 1 வோல்ட்டுக்கு மேல் என்றால் பட்டை மாட்டப்படவே இல்லை, அல்லது பெயின்ட் மேல் உட்கார்ந்திருக்கிறது. அடுத்து கறுப்பு அங்கேயே இருக்க, சிவப்பைச் சேஸிஸில் வைத்து மறுபடி கிராங்க் செய்யுங்கள். சேஸிஸ் வரை நன்றாக இருந்து பாக்ஸில் மட்டும் வோல்ட் ஏறினால் குறை அந்தப் பட்டையில்தான்.

பழைய பாக்ஸ் வாங்கிப் போடும்போது இது அடிக்கடி வரும். விற்பவர் கழுவி வெள்ளிப் பெயின்ட் அடித்துப் புதுசு போலக் கொடுத்திருப்பார். எர்த் பட்டையின் முனை வளையமான லக் அந்தப் பெயின்ட் மேல் போய் உட்காரும். போல்ட் மரை வழியாகக் கொஞ்சம் தொடர்பு இருக்கும் என்பதால் விளக்கெல்லாம் எரியும், ஸ்டார்ட்டர் மட்டும் திணறும். லக் உட்காரும் இடத்தை ஒரு ரூபாய் நாணய அகலத்துக்கு உப்புத்தாளால் வெறும் உலோகம் தெரியத் தேய்த்து, நட்சத்திர வாஷர் போட்டு இறுக்கி, இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் தடவுங்கள். கிரீஸைத் தடவிவிட்டு இறுக்குவது தலைகீழ் வேலை. பட்டை நைந்திருந்தால் 25 சதுர மி.மீ. பின்னல் பட்டை வாங்கிக்கொள்ளுங்கள். கையில் கிடந்த 4 சதுர மி.மீ. வீட்டு வயர் போதாது.

எர்த் பட்டை இல்லாமல் ஓட்டலாமா என்று கேட்பவர்களுக்கு: ஓடும். இன்ஜினும் பாக்ஸும் ரப்பர் மவுன்டிங் மேல் நிற்பதால், ஸ்டார்ட்டர் கரண்ட் திரும்பிப் போக வேறு இரும்பு வழி தேடும். ஆக்சிலரேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள், ஸ்பீடோ கேபிள் என்று எது கிடைக்கிறதோ அது. இரண்டு மூன்று தடவை கிராங்க் செய்துவிட்டு அந்தக் கேபிளின் உறையைத் தொட்டுப் பாருங்கள், சுடும். உள்ளே இருக்கும் நைலான் குழாய் இளகினால் ஆக்சிலரேட்டர் மிதித்த இடத்திலேயே பிடித்துக்கொள்ளும். தொப்பூர் இறக்கத்தில் அப்படி ஆனால் என்ன கதி என்று இந்தப் பக்கத்தில் வண்டி ஓட்டுகிறவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கேபிள் போய்விட்டது என்று புதுக் கேபிள் மாற்றிய வண்டியில் அடுத்த கேபிளும் அதே மாதிரி போனால், கேபிள் கம்பெனியைத் திட்டாமல் எர்த் பட்டையைத் தேடுங்கள்.

மஞ்சள் மீட்டரின் அடுத்த வேலை நாலு வீல் சுவிட்ச். விளக்கு எரியவே இல்லை என்றால் சுவிட்சின் கப்ளரைக் கழற்றி, இரண்டு பின்னையும் ஒரு துண்டு வயரால் சேர்த்து, சாவி போடுங்கள். ஒற்றை வயர் வகையாக இருந்தால் அந்த வயரைப் பாடியில் தொடுங்கள். விளக்கு வந்தால் வயரும் டேஷ் பல்பும் நல்லவை, சுவிட்சை அவிழ்க்கலாம். 200 ஓம் ரேஞ்சில் முதலில் மீட்டரின் இரண்டு கம்பிகளையும் ஒன்றோடொன்று தொட்டு, வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மலிவான கம்பியே அரை ஓம், ஒரு ஓம் காட்டும். சுவிட்சின் முனையை அழுத்தினால் அதே எண்தான் வர வேண்டும். இரண்டு மூன்று ஓம் கூடினால் உள்ளே கருகியிருக்கிறது.

விளக்கு அணையவே இல்லை என்றால் வேலை இன்னும் சுலபம். கப்ளரைக் கழற்றுங்கள். அணைந்தால் தப்பு சுவிட்சில், அணையாவிட்டால் வயர் எங்கோ நசுங்கிப் பாடியைத் தொடுகிறது. சுவிட்ச் என்றால் செம்பு வாஷரைப் பாருங்கள். வாஷர் போடாமல் இறுக்கினால் முனை எப்போதும் அழுந்தியே இருக்கும், எண்ணெயும் கசியும். கசிகிறதே என்று இரண்டு வாஷர் போட்டால் முனை எட்டவே எட்டாது, விளக்கு வராது. சில பாக்ஸில் சுவிட்சுக்கு அடியில் ஒரு இரும்புக் குண்டு தனியாகக் கிடக்கும். பாக்ஸைக் கவிழ்த்துக் கழுவும்போது அது விழுந்து காயலான் கடைக்குப் போயிருந்தால், எத்தனை சுவிட்ச் மாற்றினாலும் விளக்கு வராது. மிட்சுபிஷி பஜேரோவில் இந்த வேலை எல்லாம் செய்துவிட்டும் விளக்கு கண்சிமிட்டிக்கொண்டே இருந்தால் முன் ஆக்சில் பக்கம் போங்கள். அங்கே வாக்குவத்தில் பிடிக்கும் கிளட்சுக்குத் தனிச் சுவிட்சும் மெல்லிய ரப்பர் குழாய்களும் உண்டு, குழாய் மாறினாலும் கண்சிமிட்டும்.

மஞ்சள் மீட்டருக்கு இதுவரை கொடுத்த பாராட்டைக் கொஞ்சம் திரும்ப வாங்க வேண்டியிருக்கிறது. டிடி-830இல் ஏசியின் மிகச் சிறிய ரேஞ்சே 200 வோல்ட். இரண்டு வயர் காந்த வகை ஸ்பீடு சென்சரில் வரும் சின்ன ஏசி வோல்ட்டை அதில் படிக்க முடியாது; சென்சர் காயில் அறுந்திருக்கிறதா என்று ஓம் மட்டும் பார்க்கலாம். மூன்று வயர் ஹால் வகைக்கு இது போதும். கப்ளரை மாட்டியபடியே பின்பக்கமாகக் குண்டூசி செருகி, முதலில் சப்ளையும் எர்த்தும் இருக்கிறதா என்று பாருங்கள். சப்ளை வண்டிக்கு வண்டி 5 அல்லது 12 வோல்ட். வண்டி நகராதபடி முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கில் தூக்கி, நியூட்ரலில் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றினால் சிக்னல் வயரில் வோல்ட் ஏறி இறங்கி ஏறி இறங்கி வர வேண்டும். வேகமாகச் சுற்றினால் இந்த மீட்டரால் தொடர முடியாது, நடுவில் ஏதோ ஒரு எண்ணில் நின்றுவிடும்.

இன்னும் இரண்டு குறை. 10 ஆம்பியர் ஓட்டையில் பல மாடலுக்குப் பியூஸே இல்லை. கம்பியை அதில் செருகி மறந்துவிட்டுப் பேட்டரியைத் தொட்டால் கம்பி கையிலேயே உருகும். அப்புறம், உள்ளே இருக்கும் 9 வோல்ட் செல் இறங்க இறங்க மீட்டர் கூடுதலாகக் காட்ட ஆரம்பிக்கும். நிறுத்தி வைத்த பேட்டரியில் 14 வோல்ட் காட்டினால் அதிசயப்படாதீர்கள், செல்லை மாற்றுங்கள். 5க்கு 4. விலையை நினைத்தால் அரை கூட்டலாம்.

ஸ்பீடோ விஷயத்தில் கருவியே தேவையில்லாத ஒரு சோதனையும் உண்டு. 44ஆம் எண் நெடுஞ்சாலையில் போனின் ஜிபிஎஸ் வேகத்தைப் பக்கத்தில் உட்கார்ந்தவர் படிக்கட்டும். 40இல் 44 என்றும் 80இல் 88 என்றும் காட்டினால் வயரைத் தொட வேண்டாம். மாற்றிப் போட்ட பாக்ஸில் ஸ்பீடோ கியரின் பல் எண்ணிக்கை வேறு, பழைய பாக்ஸிலிருந்து கியரை எடுத்து மாற்றினால் தீரும். 40இல் சரியாக இருந்து குழியில் இறங்கும்போது முள் துள்ளினால் கப்ளர்.

கிளாம்ப் மீட்டர் வாங்குவதில் ஒரு பொறி இருக்கிறது. எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் மலிவான கிளாம்ப்புகளில் பல ஏசி கரண்ட் மட்டும் படிப்பவை. வீட்டு மோட்டாருக்கு, கம்ப்ரெஸருக்கு அது போதும். வண்டியின் பேட்டரி வயரைச் சுற்றினால் பூஜ்யம்தான். மேலே டிசி வோல்ட் என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஆம்பியர் குறிக்குப் பக்கத்தில் நேர்கோடும் புள்ளிக்கோடும் சேர்ந்த டிசி அடையாளம் இருக்க வேண்டும். யுடி210இ அதைச் செய்யும். 2 ஆம்பியர் ரேஞ்சில் 1 மில்லி ஆம்பியர் வரை பிரித்துக் காட்டும், மேலே 100 ஆம்பியர் வரை போகும். ஸ்டார்ட்டருக்கு அது போதாது, அந்த வேலையை மேலே சொன்ன வோல்ட் இழப்புச் சோதனை பார்த்துக்கொள்ளும்.

பாக்ஸ் மாற்றிய பிறகு இரவோடு இரவாகப் பேட்டரி இறங்குகிறது என்றால் இதுதான் சரியான கருவி. கதவெல்லாம் சாத்தி, அரைமணி நேரம் வண்டியைத் தூங்க விட்டு, நெகட்டிவ் கேபிளைச் சுற்றிப் பிடியுங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் சாதாரணம். ஒரே ஒரு எரிச்சல்: கிளாம்ப்பைத் திருப்பினாலே எண் மாறும், பூமியின் காந்தம் கூட அதற்குத் தெரியும். அளக்கப்போகும் இடத்திலேயே, அதே கோணத்தில், வயரை உள்ளே விடாமல் பிடித்துப் பூஜ்யம் செய்துவிட்டு அப்புறம் சுற்ற வேண்டும்.

நாப் வகை வண்டியில் ஷிப்ட் மோட்டார் பார்க்கவும் கிளாம்ப் உதவும். மோட்டாரின் ஒரு வயரைச் சுற்றிப் பிடித்து நாப்பைத் திருப்புங்கள். கரண்ட் ஒரு துள்ளு துள்ளி, இறங்கி, மோட்டார் நின்றதும் பூஜ்யமானால் சரி. துள்ளிய உயரத்திலேயே நின்று வெட்டிக்கொண்டால் மோட்டார் எதையோ முட்டுகிறது. காரணம் பெரும்பாலும் பொருத்தியதில் இருக்கும்: பாக்ஸின் தண்டு 4எல்லில் (நாலு வீல், லோ கியர்) நிற்க, மோட்டார் 2எச்சில் (இரண்டு வீல், ஹை கியர்) நிற்க, இரண்டையும் அப்படியே சேர்த்து போல்ட் இறுக்கியிருப்பார்கள். மோட்டாரைக் கழற்றி, வயர் மாட்டியபடியே நாப்பை 2எச்சில் வைத்து அதை ஓட விட்டு நிறுத்துங்கள். தண்டையும் கையால் 2எச்சுக்குத் திருப்புங்கள். பிறகு அழுத்தாமலே உட்கார வேண்டும். சுத்தியல் தேவைப்பட்டால் இன்னும் பொருந்தவில்லை என்று அர்த்தம். மோட்டாருக்குள்ளேயே நிலை காட்டும் தகடு ஒன்று உண்டு. பர்கூர், ஜெகதேவிப் பக்கம் குவாரியில் ஓடிய வண்டியென்றால் கிரானைட் மாவும் எண்ணெயும் சேர்ந்து மோட்டாரின் கப்ளரில் சாந்து போல அப்பியிருக்கும். கான்டாக்ட் கிளீனரால் கழுவுங்கள். பெட்ரோல் வேண்டாம், ரப்பர் சீல் ஊதிவிடும். மோட்டாருக்கு நேரடியாகக் கரண்ட் கொடுத்துப் பார்ப்பதானால் நடுவில் 60 வாட் ஹெட்லைட் பல்பைத் தொடராகப் போடுங்கள். 21 வாட் பல்பு வழியாக மோட்டார் சுற்ற வலு போதாமல் போகலாம்; 60 வாட் என்றால் 5 ஆம்பியர் விடும், சிக்கினாலும் பல்பு எரியுமே தவிர மோட்டார் எரியாது.

டாங்கிள். ஆயிரம் ரூபாய்க்குள் முடிகிறது, போனில் முள் ஆடுகிறது, பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் ட்ரான்ஸ்பர் கேஸ் மாற்றிய வண்டியில் அதற்கு என்ன தெரியும்? பொது ஆப்பில் வருவது இன்ஜின் ஈசியூவின் கோளாறுக் கோடுகள், அதாவது குறியீட்டு எண்கள். பி0500 வந்தால் வண்டி வேகச் சிக்னல் வரவில்லை என்று பொருள். சென்சர் கெட்டதா, கப்ளர் உட்காரவில்லையா, வயர் அறுந்ததா என்று அது சொல்லாது. யு0102 வந்தால் ட்ரான்ஸ்பர் கேஸ் கன்ட்ரோல் யூனிட்டோடு பேச்சு அறுந்திருக்கிறது. அந்த யூனிட்டின் பியூஸையும் எர்த்தையும் பாருங்கள். பி0836 நாலு வீல் சுவிட்ச் சர்க்யூட்டைக் குறிக்கும். கன்ட்ரோல் யூனிட்டுக்குள்ளேயே பதிவான கோடுகளை மலிவு டாங்கிள் பல வண்டியில் எட்டிப் பார்ப்பதே இல்லை. அதற்குக் கம்பெனி ஸ்கேனரோ அந்த மாடலுக்கான ஆப்போ வேண்டும். லிவர் வகை நாலு வீல் வண்டியில் விளக்கு எரியாததற்கு எந்தக் கோடும் வராது, ஏனென்றால் அந்த வயர் ஈசியூவைத் தொடுவதே இல்லாத வண்டிகள்தான் இந்தப் பக்கம் அதிகம். கார்புரேட்டர் ஜிப்சிக்கு டாங்கிள் செருக ஓட்டையே கிடையாது.

ஒரு இடத்தில் மட்டும் அதற்கு மரியாதை கொடுக்கலாம். லைவ் டேட்டாவில் வேகத்தைப் பாருங்கள். போனில் வேகம் சரியாக வந்து, டேஷ் முள் மட்டும் படுத்திருந்தால் சென்சரும் பாக்ஸ் பக்கத்து வயரும் நல்லவை. மீட்டர் கன்சோல் பக்கம் போகலாம். அடியில் படுக்கும் வேலை மிச்சம். ஏபிஎஸ் உள்ள சில வண்டிகளில் வேகம் சக்கர சென்சரிலிருந்தே வரும், பாக்ஸில் சென்சரே இருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேன் லைனைப் பார்க்கக்கூட மஞ்சள் மீட்டர்தான் கெட்டிக்காரன். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, டாங்கிள் செருகும் ஓபிடி கப்ளரின் 6ஆம் பின்னுக்கும் 14ஆம் பின்னுக்கும் நடுவே ஓம் பாருங்கள். 60 வந்தால் லைனின் இரண்டு முனையிலும் உள்ள தடைகள் உயிரோடு இருக்கின்றன. 120 வந்தால் ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டு வயரும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நசுங்கிய ஹார்னஸை மறுபடி தேட வேண்டும்.

பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பரில் வெல்டிங் வைத்த வண்டியென்றால் டாங்கிள் இணையாததற்கு டாங்கிளைக் குறை சொல்வதும் நியாயமில்லை. பேட்டரியைக் கழற்றாமல், வெல்டிங் எர்த்தை எங்கோ தூரத்தில் மாட்டி அடித்திருந்தால் ஈசியூவே போயிருக்கலாம். நெகட்டிவைக் கழற்றி, ஈசியூ கப்ளரையும் பிடுங்கிவிட்டு, எர்த் கிளாம்ப்பை வெல்டு வைக்கும் இடத்துக்கு ஒரு சாணுக்குள் மாட்டச் சொல்லுங்கள்.

டாங்கிளுக்கு 5க்கு 2. வாங்கப் போகிறவர்கள் வெர்ஷன் 2.1 என்று போட்ட நகல்களைத் தவிர்த்து 1.5 தேடுவது நல்லது, 2.1 நகல்களில் பல, பழைய வண்டிகளின் ஒற்றை வயர்த் தொடர்பான கே-லைனில் பேசாமல் உட்கார்ந்துவிடும். ஐபோன் வைத்திருப்பவர்கள் சாதாரண ப்ளூடூத் வகையை வாங்காதீர்கள், இணையாது; வைஃபை அல்லது ப்ளூடூத் எல்ஈ என்று போட்டதைக் கேளுங்கள். கோளாறுக் குறியீட்டை அழிக்கும் பொத்தானை அமுக்குவதற்கு முன் அந்தக் குறியீட்டை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே வாங்கி மாட்டியவர்கள் இரவில் கழற்றி வையுங்கள்: 16ஆம் பின்னில் சாவி இல்லாமலேயே எப்போதும் கரண்ட் இருக்கும். பாக்ஸ் மாற்றியதிலிருந்து பேட்டரி இறங்குகிறது என்று வரும் வண்டியில் கிளாம்ப்பை எடுப்பதற்கு முன்னால் ஸ்டீயரிங்குக்குக் கீழே டாங்கிளின் சிவப்பு விளக்கு மினுங்குகிறதா என்று குனிந்து பார்ப்பது உத்தமம்.